அரசங்கன்றில் குடியிருந்தவர்

என் கட்டடத்தின் பின்சுவரில், மழைத்தண்ணீர் ஓடுகிற மேல் மாடிப் பீலிக்குக் கீழே, ஒரு அரசங்கன்று முளைத்தது. முதலில் பார்த்தபோது இரண்டே இலை. கடையில் வேலை அதிகம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் அண்ணாந்து பார்த்தால் அது ஆள் உயரத்துக்கு நின்று காற்றில் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. வேர் செங்கலுக்குள் புகுந்து, சுவரில் என் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு.

அது சும்மா வந்த சுவர் இல்லை. நான் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை அறையில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கண்டி டவுனுக்கு வந்து இன்னொருத்தர் கடையில் சீமெந்து மூட்டை தூக்கினேன். அந்தத் தோளை வைத்துத்தான் கட்டுகஸ்தோட்டை போகிற ரோட்டில் மூன்று மாடி எழுப்பினேன். கீழே என் ஹார்ட்வெயார் கடை, நடுவில் குடும்பம், மேலே வாடகை அறைகள். பெரிய படிப்புப் படித்தவர்கள் பிளான் போட்டுக் கட்டின கட்டடங்கள் இந்த ரோட்டில் மழைக்கு ஒழுகுகின்றன. என்னுடையது ஒழுகாது. தூணுக்கு எத்தனை கம்பி என்று நானே நின்று பார்த்துப் போட வைத்தேன். சிங்களம் பேசினால் என்னைச் சிங்களவர் என்றே நினைப்பார்கள். மடவளை முஸ்லிம் வியாபாரிகளோடு அவர்கள் பேச்சில் பேசுவேன். யாழ்ப்பாணத்து ஆள் வந்து ஆமாம் என்பதற்கு "ஓம்" என்றால் நானும் "ஓம்" என்பேன். இதெல்லாம் பள்ளிக்கூடம் சொல்லித் தந்தது இல்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

அங்கே உட்கார்ந்து இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். சீமெந்து விற்கிறவனிடம்தான் ஊரில் உள்ள கதையெல்லாம் வரும். சிங்கள ஆள் அத்திவாரக்கல் வைக்க நல்ல நேரம் பார்த்துவிட்டுத்தான் மூட்டை ஏற்றச் சொல்வார். எங்கள் ஆட்கள் நிலைக்கு மஞ்சள் பூசிப் பூசணிக்காய் உடைப்பார்கள். மடவளைக்காரர் 'பிஸ்மி' சொல்லி முதல் கல்லை வைத்துவிட்டு, "நேரம் காலமெல்லாம் எங்களுக்கு இல்ல முதலாளி" என்பார். ஆனால் ஓதி முடிக்காமல் புது வீட்டில் ஒரு பாயைக்கூட விரிக்க மாட்டார். வேதக்காரர் பாதரைக் கூட்டிவந்து தண்ணீர் தெளிப்பார். எல்லாரும் வாங்குவது ஒரே சீமெந்து, ஒரே கம்பி. வீட்டைத் தாங்குவது அதுதான் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கதை இல்லாமல் ஒருத்தரும் வீடு கட்டுவதில்லை. ஏன் இப்படி என்று எனக்குள் ஒரு நமைச்சல் எப்போதும் உண்டு. யாராவது ஒரு கதையைத் தொடங்கினால் பில் போடுகிற கை நின்றுவிடும். "அப்புறம்?" என்று கேட்டுவிடுவேன். பின்னால் நிற்கிற ஆள் இருமுவார்.

இப்போது அந்தக் கேள்வி என் சுவரிலேயே ஏறி நின்றது.

கடையில் மூட்டை இறக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, கன்றை வெட்டச் சொன்னேன். ஒருத்தர் சிங்களவர். மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "முதலாளி, வேணும்னா என் சம்பளத்துல வெட்டுங்க. போதியில வெட்டச் சொல்லாதீங்க." புத்தர் உட்கார்ந்த மரத்தின் பிள்ளை அது, அவ்வளவுதான் அவருக்கு. மற்றவர் எங்கள் ஆள், தோட்டத்திலிருந்து வந்தவர். அவர் தலையைச் சொறிந்தார். "அரச மரத்தச் சுத்திச் சுத்தி வந்துதாங்க என் பொண்டாட்டிக்குப் புள்ள தங்குச்சு. அத நானே வெட்டவா?"

"இது வேற மரம்டா."

"மரம் வேறங்க. ஆளு ஒண்ணுதானே?"

என் மகன் ஆசிட் ஊற்றிக் கொல்லலாம் என்றான். அதைக் கேட்டு என் மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

என் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கள அம்மா இருக்கிறார். கணவர் இல்லை, தனி ஆள். காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், 'அக்கே' என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய குசினிக் கூரை கறையான் தின்று, மேலே நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அவர் வளவில் ஒரு பெரிய பலாமரம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டார்.

"சும்மா கை வைக்கக் கூடாது முதலாளி," என்றார். "மரத்துல இருக்கிறவருக்கு மொதல்ல சொல்லணும். விளக்கு வைங்க, பூ வைங்க, வேற மரத்துக்குப் போகச் சொல்லுங்க. ஒரு கிழமை, ஏழு நாள், பொறுங்க. அதுக்குப் பிறகு எடுத்தா ஒண்ணும் ஆகாது."

"இருக்கிறவரா? யாரு அக்கே அது?"

"யாரோ ஒரு தேவதை. எனக்கு எப்படித் தெரியும்? உங்க சுவர்லதானே இருக்கார்."

எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. எத்தனை வாடகைக் குடிக்கு நோட்டீஸ் கொடுத்த ஆள் நான்! ஆனால் ஒன்று, போக இடம் காட்டாமல் ஒருத்தரையும் நான் எழுப்பினது இல்லை. "அந்தத் தெருவில் ஒரு அறை இருக்கிறது, நான் பேசிவிட்டேன், சாமானை நம் லொறியிலேயே ஏற்று" என்று சொல்லித்தான் அனுப்புவேன். கண்டியில் வேறு எந்த வீட்டுக்காரன் இப்படிச் செய்கிறான், சொல்லுங்கள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். தேங்காயெண்ணெய் விளக்கு, கொஞ்சம் அரளிப்பூ, ஒரு கிளாஸ் பால். விளிம்புக்கு மேலாகக் குனிந்து கன்றைப் பார்த்துப் பேசினேன். அவர் எந்த ஆள் என்று தெரியாததால் முதலில் சிங்களத்தில் சொன்னேன், பிறகு தமிழில். அதிலும் எங்கள் தோட்டத்துப் பேச்சில் ஒருமுறை, மடவளைப் பேச்சில் ஒருமுறை.

"சுவர் வெடிக்குது. கோவிச்சுக்காதீங்க. உங்கள நடுத்தெருவுல விடமாட்டேன். அந்தா பாருங்க, அந்தப் பலா. என்ன நெழலு, என்ன காய்ப்பு! பீலியில தொங்குறதுக்கு அது எவ்வளவோ மேல். அங்க போயிருங்க."

கையை நீட்டிக் காட்டினேன். பலாமரமும் பொருத்தமாக ஒரு கிளையை ஆட்டியது. என் பேச்சில் எனக்கே திருப்தி.

ஒரு கிழமை கழித்து மடவளையிலிருந்து சுவர் வேலை செய்கிற ஒரு மேசன் பாஸைக் கூட்டிவந்தேன். என்னிடம் சாமான் வாங்குகிறவர், 'நானா' என்று கூப்பிடுவேன். அவரைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. அரச மரத்தைப் பற்றி அவரிடம் கதை இருக்காது, கை நடுங்காமல் வேலை செய்வார் என்பது என் கணக்கு.

அவர் ஏணியில் ஏறி, வேரைத் தட்டிப் பார்த்தார். "மரத்துல எனக்கு ஒண்டும் இல்ல முதலாளி. அல்லா படச்சது. வேர் சொவர்ல ஈக்கிது, எடுக்கோணும். ஆனா..."

"என்ன நானா ஆனா?"

"வெடிச்ச சொவர், ஆள் போகாத மூல, இப்படி எடத்துல ஜின் ஈக்கும். ஸலாம் செல்லிட்டுத்தான் கை வெப்பேன்."

"நான் நோட்டீஸ் குடுத்துட்டேன் நானா. இருந்தவரு பலாவுக்குப் போயிட்டாரு."

"நீங்க செல்ற ஆள் போயிருப்பாரு," என்றார் அவர், உளியை எடுத்துக்கொண்டே. "நான் செல்றது வேற ஆள்."

ஸலாம் சொன்னார், பிஸ்மி சொன்னார், பிறகு கன்றை வெட்டாமல் செங்கலைப் பெயர்த்து வேரோடு எடுத்தார். அதை மண் நிரப்பின சீமெந்துப் பையில் வைத்துப் பக்கத்து விகாரையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே இருந்த பிக்கு, ஹாமுதுரு, சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். சுவரை நானே நின்று பூசவைத்தேன். இன்றைக்கு வந்து பார்த்தால் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியாது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் செய்த நல்ல காரியத்தை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. கடைக்கு எதிரே இருக்கிற தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, சிங்களத்திலேயே நடந்ததைச் சொன்னேன். "வெளியே போ என்று சொல்ல எல்லாராலும் முடியும். நான் அவருக்கு என்னுடையதைவிடப் பெரிய வீடு பார்த்துக் கொடுத்தேன்." எல்லாரும் சிரித்தார்கள். மூலையில் நின்ற ஒரு தச்சு பாஸ் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த கருப்பட்டித் துண்டைக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: "எந்தப் பலா?"

"என் கடைக்குப் பின்னால, இடியப்ப அக்காவோட பலா."

அவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

மத்தியானம் கடையில் ஆட்கள் நிறைய நிற்கிற நேரம். அந்த அம்மா முன்வாசலால் வந்தார். அவர் பின்பக்கம் நின்று பேசிப் பழகினவர், முன்வாசலுக்கு வந்ததே இல்லை.

"முதலாளி! என் பலாவுல யாரைக் குடிவச்சீங்க?"

"நீங்க சொன்னபடிதானே அக்கே செஞ்சேன்."

"போகச் சொல்லுங்கன்னு சொன்னேன். எங்க போகணும்னு நான் சொன்னேனா? இந்த உலகத்துல வேற மரமே இல்லையா?"

"நல்ல மரம்னுதான்..."

"அது கூரைக்குப் போற மரம்! அந்தத் தச்சு பாஸ்தான் தறிக்கிறதா இருந்தார். பெர்மிட் எடுக்க கிராம சேவகர்கிட்டயும் கச்சேரி ஆபீசுக்கும் நடந்து நடந்து என் செருப்புத் தேஞ்சுபோச்சு. பெர்மிட் வந்தாச்சு, ஆள் பேசியாச்சு. இப்ப அவர் வந்து, கையே வைக்க மாட்டேங்கிறார். ஐப்பசி மழை வருது. அடுப்பு நனைஞ்சா நான் என்னத்தை அவிக்கிறது?"

"பலாவை வெட்டப்போறதா நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே அக்கே."

"வெளியே சொன்னா கண்ணூறு, வாயூறு படும்னு சொல்லல்ல."

"என் வாயா?"

"இந்த ஊர்ல அதைவிடப் பெரிய வாய் எது?"

கம்பி வாங்க வந்தவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. பிழையான ஆளிடம் நல்ல யோசனை சொல்லிவிட்டோம் என்று நினைத்திருப்பார். நான் கடையை மகனிடம் விட்டுவிட்டு அந்தத் தச்சு பாஸைத் தேடிப் போனேன்.

அவர் வேலைத்தளத்தில் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். பயந்த ஆள் போலவே இல்லை, மிக நிதானமாகப் பேசினார்.

"மாத்தயா, நான் மரம் தறிக்கிற ஆள். பலாவுல பழைய ஆட்கள் இருந்தாங்க. அவங்களுக்கு நான் முறைப்படி சொல்லிட்டேன், அவங்க போயிருப்பாங்க. ஆனா இவர் புதுசா வந்தவர். நீங்க கூப்பிட்டு வந்திருக்கார், அதுவும் போதியிலிருந்து. வந்து ஒரு மாசம் ஆகல்ல. இப்ப நான் கோடரியோட போய் எழும்புன்னு சொன்னா அவர் என்ன நினைப்பார்?"

"என்ன நினைப்பார்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாத்துறோம்னு நினைப்பார். உங்களை ஒண்ணும் செய்ய மாட்டார், நீங்க கீழே நிற்பீங்க. மேலே கிளையில நிற்கிறது நான்."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒரு வீட்டிலிருந்து எழுப்பி இன்னொரு வீட்டில் ஏற்றி, மறுமாசமே அதையும் இடித்தால், என்னிடம் இருந்த எந்தக் குடியும் சும்மா விட்டிருக்காது.

விகாரைக்குப் போய் ஹாமுதுருவிடம் கேட்டேன். அவர் என்னைக் கூட்டிப்போய்ச் சீமெந்துப் பையில் இருந்த கன்றைக் காட்டினார். புதுத் தளிர் விட்டிருந்தது. "பீலியில் முளைத்த செடியில் யார் இருக்கப்போகிறார்கள்? வேர் இருந்தது. உங்கள் பயமும் இருந்தது," என்றார். எனக்குப் பயம் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் என்று சொன்னேன். "அது இன்னும் பெரிய வேர்," என்று சிரித்தார். பலாவைத் தாராளமாக வெட்டலாம் என்றும் சொல்லி அனுப்பினார். அதை அப்படியே போய்த் தச்சு பாஸிடம் சொன்னேன். அவர் விகாரை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஹாமுதுரு சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அவர் மரத்துல ஏறமாட்டாரே."

மேசன் நானாவிடம் கேட்டேன். "நீங்க எடம் காட்டினதுதான் பிழை. ஜின் ஒலகம் பூரா சுத்துறது. அதுக்கு நீங்க கைய நீட்டி அங்க போ, இங்க போண்டு செல்ல ஏலுமா?"

"அப்ப பலாவுல யாரும் இல்லைங்கிறீங்களா?"

"நான் எங்க அப்படிச் சென்னேன்? நீங்க அனுப்பினதால வந்தவர் யாரும் இல்லண்டுதான் செல்றேன்."

ஒரே கன்று. ஒருத்தருக்கு அதில் வேரைத் தவிர ஒன்றுமில்லை, ஒருத்தருக்கு மரியாதையோடு எழுப்ப வேண்டிய குடி, ஒருத்தருக்கு யாருக்கும் கட்டுப்படாத ஊர்சுற்றி. இத்தனை வருஷம் மற்றவர்கள் கதையைக் கேட்டவனுக்கு, எங்கள் ஆட்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. லொறியை எடுத்துக்கொண்டு தெல்தோட்டைக்குப் போனேன். என் பெரியப்பா மகன் அங்கே இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். மலை உச்சியில் உள்ள முனியாண்டிக்கு அவர்தான் பூசாரி.

கொழுந்து பறிக்கிற மலையில், ஒரு மரத்தடியில் மூன்று கல். அதுதான் கோவில். சின்ன வயசில் எத்தனையோ முறை கும்பிட்ட இடம். தோட்டத்தில் எங்களுக்குச் சாமிக்குப் பஞ்சமே இல்லை. செடி வெட்டிவிடுகிற கவ்வாத்துக்கு ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி, தேயிலை அரைக்கிற மெசின் சக்கரத்துக்குக்கூட ரோதைமுனி என்று ஒருத்தர். பெல்ட் அறுந்தால் அவருக்குத்தான் முதலில் சேவல். நான் கல்லைப் பார்த்துக்கொண்டே நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன்.

அண்ணன் வெற்றிலையைத் துப்பினார். "நீ எல்லாரையும் போ போன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்க. பெரிய கங்காணி மாதிரி. நம்ம சாமியெல்லாம் போன்னு சொன்னா போகாதுடா. கூட்டிக்கிட்டுப் போனாத்தான் வரும்."

"எப்படிண்ணே கூட்டிக்கிட்டுப் போறது?"

"இந்த முனியாண்டி எப்படி வந்தாரு? நம்ம ஆளுக கப்பலேறி வரும்போது ஊர்க் கோயில்ல ஒரு பிடி மண்ண எடுத்து மடியில முடிஞ்சுக்கிட்டு வந்தாங்க. காடு வழியா நடந்து வந்து, இந்த மரத்தடியில போட்டாங்க. சாமியும் வந்துருச்சு. பிடிமண் எடுத்துப் போ. அவரு யாரா இருந்தா உனக்கென்ன? மண்ணோட வந்துருவாரு."

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு இந்த மரம் இல்லாவிட்டால் அந்த மரம். அவர்கள் தேவதை சொன்னவுடன் அடுத்த மரத்துக்கு நடந்துபோகிறது. எங்களைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், எங்கள் சாமியும் மடியில் முடியப்பட்டு வந்தது. மடவளைக்காரர்கள் ஊர் ஊராக வியாபாரத்துக்குப் போனவர்கள், அவர்கள் ஜின்னும் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொருத்தரும் தாங்கள் வந்த விதத்தைத்தான் மரத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, லொறி ஓட்டிக்கொண்டே நானாகக் கண்டுபிடித்தது. அன்று சாயங்காலமே மேசன் நானாவிடம் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார்.

"நல்லாத்தான் செல்றீங்க. ஆனா எங்க வாப்பா மடவளைய விட்டு வெளிய போனதே இல்ல. எங்கட ஊட்டு ஜின் மட்டும் ஏன் சுத்துது?"

சரி, அவர் வாப்பாவுக்கு என் கண்டுபிடிப்பு பொருந்தவில்லை. அதற்காக அதை நான் விட்டுவிடவும் இல்லை.

பிடிமண் விஷயத்தைத் தச்சு பாஸிடம் சொன்னபோது அவர் இழைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். சிங்கள வழக்கத்தில் இல்லாத காரியம்தான், ஆனால் அவருக்கு அதில் ஒரு மரியாதை தெரிந்தது. "வந்து கூட்டிட்டுப் போறது நல்லது. போகச் சொல்றதைவிட நல்லது. ஆனா என் கண் முன்னால நடக்கணும். எங்க கூட்டிட்டுப் போறீங்க? எந்த மரத்துக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாடி இருக்கிறது, கடை இருக்கிறது, லொறி இருக்கிறது. எனக்கென்று ஒரு மரம் இல்லை. வளவு முழுக்கச் சீமெந்து போட்டு, லொறி திரும்ப இடம் எடுத்திருந்தேன். நல்ல வழவழப்பான வேலை, அதையும் பெருமையாகத்தான் எல்லாருக்கும் காட்டுவேன்.

"என் வீட்டுக்கு," என்றேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வீட்டுக்கா?"

"மொட்டை மாடிக்கு."

"மொட்டை மாடி வீடு இல்லாம என்ன? யாருன்னு தெரியாத ஒருத்தரைக் கூட்டிட்டு வரப்போறீங்க. வாடகைக்கு வாறவன்கிட்டயே அடையாள அட்டை கேக்கிற ஆளு நீங்க."

"அப்ப அந்த அக்கா அடுப்பு நனையட்டுமா?"

அவள் கரண்டியைத் திரும்ப எடுத்தாள். இந்த வீட்டுக்கும் அந்த அக்காவின் இடியப்பம்தான் தினமும் வரும். "நீங்க கூப்பிட வேணாம்," என்றாள் பிறகு. "நீங்க பேசினா அவரு பாதி வழியில வேற யார் வீட்டுக்காவது போயிருவாரு. நான் எடுக்கிறேன். நீங்க வாய மூடிக்கிட்டு பின்னால வாங்க."

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் போனோம். அக்கா பலாவடியைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஒரு தட்டில் பூ வைத்திருந்தார். தச்சு பாஸ் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் மரத்தடியில் குந்தினாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது. ஒரு பிடி மண்ணை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர்தான், ஆனால் வழி இல்லை. ஒழுங்கைச் சந்தால் ரோட்டுக்கு வந்து, தேத்தண்ணிக் கடையைத் தாண்டித்தான் வரவேண்டும். கூட்டி வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். தேத்தண்ணிக் கடை வாசலில் வழக்கமான ஆட்கள். மனைவி முன்னால், நான் பின்னால், வெறுங்காலோடு.

"ஆ, முதலாளி! எங்க, கதிர்காமத்துக்கு யாத்திரையா?"

நான் பேசவில்லை.

"முதலாளிக்குத் தொண்டை கட்டிருச்சா?"

"இல்லடா, வீட்டு நோனா ஏசிட்டாங்க!"

நாலு நல்ல பதில் நாக்கு நுனியில் நின்றது. ஒன்றையும் சொல்லாமல் நடந்தேன். சீமெந்து மூட்டை தூக்கினபோதுகூட இப்படி வேர்த்ததில்லை. மொட்டை மாடி வரைக்கும் ஏறி, கடையிலிருந்து எடுத்து வைத்திருந்த புதுத் தகர வாளியில் அவள் முடிச்சை அவிழ்த்து மண்ணைப் போட்டாள். அதற்கு மேல் வேறு மண் நிரப்பி, ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டாள். "மரம்னு சொல்ல ஏதாவது ஒண்ணு வேணும்ல அவருக்கு" என்றாள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "வந்துட்டாரா?"

"நான் என்ன கண்டேன்? கனமாத்தான் இருந்துச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் தச்சு பாஸ் மேலே எங்களைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அவர் பலாவைச் சுற்றி ஒருமுறை வந்து, கோடரிக் காம்பால் மரத்தில் தட்டி, காது கொடுத்தார். பிறகு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினார். முதல் கிளை விழுந்த சத்தத்தில் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மரத்தை நட்டது அவர் கணவர் என்று எனக்கு அன்றைக்குத்தான் சொன்னார்கள்.

மழை தொடங்குமுன் கூரை ஏறிவிட்டது. பலாக் கைமரம், பலா வளை, மேலே புது ஓடு. ஆணியும் பீலியும் என் கடையில்தான் எடுத்தார். நல்ல மரம், மஞ்சள் வைரம் ஏறினது. நூறு வருஷம் நிற்கும், சொல்வது நான்.

மேல் மாடியில் ஒரு அறைக்கு இன்னும் ஆள் வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் தேத்தண்ணிக் கடையில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். மகனுக்கு அதில் எரிச்சல். எனக்கு இல்லை. சாயங்காலத்தில் கதிரையைப் போட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் யார் என்று சில நேரம் கேட்டுப் பார்ப்பேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்களே, எது சரி என்று கேட்பேன். கறிவேப்பிலைக் கன்று நன்றாகத்தான் வருகிறது. மனைவி அதில் கை வைக்குமுன் ஒவ்வொரு நாளும் சத்தமாகச் சொல்கிறாள்: "ரசத்துக்கு ரெண்டு இணுக்கு எடுத்துக்கிறேன்."

முதல் பெரிய மழை பிடித்த காலையில் நான் மொட்டை மாடிக் கதவடியில் நின்று அந்தப் பக்கம் பார்த்தேன். புது ஓட்டின் மேல் மழை அடிக்கிறது. ஓட்டு விளிம்புக்குக் கீழே இடியப்ப ஆவி வெளியே வந்துகொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அக்கா முன்வாசலால் வந்தார். இந்த முறை கையில் மூடின சட்டி. விழுந்த மரத்திலிருந்து எடுத்த பிஞ்சுப் பலாவை நறுக்கி அடுப்புக்கு மேலே காய வைத்திருந்தாராம், அதில் சமைத்த பொலொஸ் கறி.

"முதலாளிக்கு இல்ல," என்றார் வாசலில் நின்று, சிரிக்காமல். "மேல இருக்கிறவருக்கு. மிச்சம் இருந்தா நீங்க சாப்பிடுங்க."

மனைவி ஒரு சின்னத் தட்டில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு படியேறினாள். நான் கீழே இருந்து கூப்பிட்டேன்: "அவரு எப்ப பலா சாப்பிட்டாரு?"

"அதுல ஒரு மாசம் இருந்தவரு தானே," என்று மேலிருந்து குரல் வந்தது. "ருசி தெரிஞ்சிருக்கும்."